பெருக்கல் பலகையா, வகுத்தல் பலகையா: எதை வாங்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் வகுத்தல் பலகையை வாங்குங்கள். பெருக்கல் பலகை செய்கிற வேலையில் முக்கால்வாசியைப் புள்ளி வைத்த ஒரு தாளும் ஓர் அட்டைத் துண்டும் செய்துவிடும். வகுத்தல் பலகைக்கு அவ்வளவு சுலபமான மாற்று இல்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகிவிட்டால் வகுத்தல் தானே வந்துவிடும் என்று பெருக்கல் பலகையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. தானே வராது, ஏன் என்று கீழே பார்ப்போம்.

இரண்டுமே இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி குழந்தைகளுக்காக உருவாக்கிய கணிதக் கருவிகளின் வழிவந்தவை. இன்று பலர் இதே அமைப்பில் செய்து விற்கிறார்கள். பெருக்கல் பலகை என்பது ஒரு சதுரப் பலகை; வரிசைக்கு 10 வீதம் 10 வரிசையாக 100 குழிகள். மேல் விளிம்பில் 1 முதல் 10 வரை எண்கள். இடப்பக்கம் ஒரு சிறு ஜன்னல், அதில் செருக 1 முதல் 10 வரை எழுதிய அட்டைகள். கூடவே 100 சிவப்பு மணிகள், ஒரு சிவப்பு வட்டு. வகுத்தல் பலகையில் குழிகள் 9க்கு 9, அதாவது 81. மேலே பச்சைப் பட்டையில் 1 முதல் 9 வரை எண்களும், ஆள்போலச் செதுக்கிய சின்ன மரப்பொம்மைகளை நிறுத்த 9 குழிகளும் இருக்கும். இடது விளிம்பில் மேலிருந்து கீழாக மறுபடி 1 முதல் 9. பச்சை மணிகள் 81, பொம்மைகள் 9.

அந்த 9 தற்செயலாக வந்ததல்ல. நீள்வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் ஈவாக எழுதுவது ஒரே ஒரு இலக்கம். அது 9ஐத் தாண்டாது. ஓரிலக்க எண்ணால் வகுக்கும்வரை வகுக்கும் எண்ணும் 9ஐத் தாண்டாது. ஆக, நீள்வகுத்தலின் ஒரு படியைத் தனியே எடுத்து மரத்தில் செய்து வைத்ததுதான் இந்தப் பலகை. ஒரு குறை மட்டும் உண்டு: 9 பேருக்குத் தலைக்கு 9 கொடுத்து, மீதி 8 இருந்தால் மொத்தம் 89. பெட்டியில் இருப்பதோ 81. வேறு நிறத்தில் 8 மணிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் எந்தப் படிக்கும் மணி பற்றாமல் போகாது.

பெருக்கல் பலகையில் வேலை இப்படி நடக்கும். ஜன்னலில் 4 என்ற அட்டை. வட்டை மேலே 1க்கு நேராக வைத்து, அந்த நெடுவரிசையில் 4 மணிகள். தாளில் 4 என்று எழுத வேண்டும். வட்டை 2க்கு நகர்த்தி, அடுத்த நெடுவரிசையில் இன்னும் 4 மணிகள். முன்பு வைத்ததை எடுப்பதில்லை. 8 என்று எழுத வேண்டும். இப்படியே 10 வரை போனால் 40 மணிகள் நிரம்பியிருக்கும். பெருக்கல் என்பது ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிகிறது. செவ்வகம் வளர்வதும் தெரிகிறது. முதல் இரண்டு வாரத்துக்கு இது நல்ல கருவிதான்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மணிகள் கண்முன்னே இருப்பதால் குழந்தை ஒவ்வொரு முறையும் முதல் மணியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நான்கு நெடுவரிசை வைத்தபின் 1, 2, 3 என்று 16 வரை எண்ணினால் அது பெருக்கல் பயிற்சி இல்லை, எண்ணும் பயிற்சி. விடை சரியாகவே வருவதால் பக்கத்தில் இருப்பவருக்கும் இது உறைப்பதில்லை. இதைத் தடுக்க ஒரு வழி: நெடுவரிசை முடிந்ததும் அதுவரை வைத்ததை ஒரு தாளால் மூடிவிடுங்கள். '12 மறைந்திருக்கிறது, இன்னும் 4' என்று 12இலிருந்து தொடர்ந்து எண்ண வேண்டிவரும். சில நாளில் எண்ணாமலே 16 என்று தாவும். அப்படித் தாவத் தொடங்கினால் பலகையின் வேலை அந்த வாய்ப்பாட்டுக்கு முடிந்தது.

இரண்டாவது சிக்கல் தாளில் இருக்கிறது. தமிழில் கற்கும் குழந்தைகளுக்கு இது கூடுதலாக இடிக்கும். பலகையோடு வரும் தாள்களில் 4 × 1, 4 × 2, 4 × 3 என்றுதான் வழக்கமாக அச்சிட்டிருக்கும். நான்கை மூன்று முறை எடு என்று பொருள். நம் வாய் சொல்வதோ 'ஓர்நாலு நாலு, இருநாலு எட்டு, முந்நாலு பன்னிரண்டு'. அதாவது மூன்று நான்குகள், 3 × 4. விடை ஒன்றுதான் என்றாலும், எதைப் பெருக்குகிறோம், எத்தனை முறை என்பது தலைகீழாகிவிடுகிறது. சொல்லும் எழுத்தும் ஒத்துப்போகாத இடத்தில் குழந்தை இரண்டில் ஒன்றைக் கவனிப்பதை விட்டுவிடும். பெரும்பாலும் விட்டுவிடுவது பொருளைத்தான். அச்சிட்ட தாளை ஒதுக்கிவிட்டு 1 × 4, 2 × 4, 3 × 4 என்று கையால் எழுதிக்கொடுங்கள். அப்போது வட்டு நிற்கும் எண்ணும் வாயில் முதலில் வரும் எண்ணும் ஒன்றாகிவிடும்.

வாய்ப்பாட்டு ஓசையின் பலத்தையும் சொல்லவேண்டும். ஈரெட்டு, மூவெட்டு, ஐயெட்டு என்று எண்கள் ஒட்டிக்கொள்ளும் விதமே நாக்கில் தங்கும். ஆனால் ஓசை வரிசையாகவே வரும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து ஏறிவந்துதான் சொல்ல முடிகிற குழந்தைக்கு வாய்ப்பாடு பாட்டாகத் தெரியும், எண்ணாகத் தெரியாது. போதாக்குறைக்கு, பேச்சில் 'ஏழெட்டு பேர்' என்றால் ஏழு அல்லது எட்டுப் பேர். வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்தாறு. நாலஞ்சும் அப்படியே. இந்த இரட்டைப் பொருளை ஒருமுறை சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லிவிட்டால் போதும்.

பெருக்கல் பலகை உண்மையாகவே உதவும் இடங்கள் இரண்டு. ஒன்று, பலகையைத் திருப்புவது. 6 நெடுவரிசையில் நான்கு நான்காக வைத்துவிட்டுப் பலகையைக் கால்சுற்றுத் திருப்பினால் 4 நெடுவரிசையில் ஆறு ஆறாகத் தெரியும். ஒரு மணிகூட அசையவில்லை, 24ம் மாறவில்லை. 1 முதல் 10 வரையான 100 பெருக்கல்களில் இப்படிச் சோடி சேர்பவற்றில் ஒன்றைக் கழித்தால் 55தான் மிச்சம். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் சீக்கிரம் வந்துவிடும்; அவற்றையும் கழித்தால் 21. 9க்கு ஒரு வழி இருக்கிறது: 7 அட்டையை வைத்து 10 நெடுவரிசையையும் நிரப்பினால் 70, கடைசி நெடுவரிசையை எடுத்தால் 63. ஒன்பதேழு என்பது பத்தேழில் ஓர் ஏழு குறைவு. ஒன்பதையும் இப்படிக் கழித்துவிட்டால் உழைத்துப் படிக்க வேண்டியவை 15 மட்டுமே: 3, 4, 6, 7, 8 ஆகியவை தங்களுக்குள் பெருகுபவை. 100 என்று பயமுறுத்திய வாய்ப்பாட்டுச் சுவரொட்டி 15 ஆகச் சுருங்குவது குழந்தைக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டு, உடைப்பது. 7 × 8 வராவிட்டால் 8 அட்டையை வைத்து 7 நெடுவரிசை நிரப்பி, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு நூலைப் போடுங்கள். இடப்பக்கம் ஐயெட்டு 40, வலப்பக்கம் ஈரெட்டு 16. கூட்டினால் 56. பின்னால் 27 × 6ஐ 20 × 6, 7 × 6 என்று பிரிக்கும்போது இதே நூல்தான் மனதுக்குள் விழும்.

ஆனால் இந்த இரண்டுக்கும் மரப்பலகை கட்டாயம் இல்லை. கட்டம்போட்ட தாளில் 10க்கு 10 புள்ளி வைத்து, மேலே ட வடிவத்தில் வெட்டிய அட்டையை நகர்த்தினால் 6 × 7 ஒரு நொடியில் வந்து நிற்கும். பலகையில் அதே 42 மணிகளைக் குழியில் வைத்து முடிப்பதற்குள் சில குழந்தைகள் எதற்காக வைத்தோம் என்பதையே மறந்துவிடுகின்றன. 10ஆம் வாய்ப்பாட்டுக்கு 100 மணிகளையும் வைக்கச் சொல்வது வீண்வேலை.

வகுத்தல் பலகையில் கை செய்யும் வேலைதான் பாடம். அதைத் தாளில் போட்டுக் காட்ட முடியாது. 23 ÷ 4 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 23 மணிகளை எண்ணி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். பத்துப் பத்தாக எண்ணினால் தப்பு குறையும். பச்சைப் பட்டையில் 4 பொம்மைகள். இப்போது முதல் வரிசையில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மணி. 4 போயிற்று. இரண்டாம் வரிசையில் மறுபடி தலைக்கு ஒன்று. இப்படி ஐந்து வரிசை நிரம்பியதும் கிண்ணத்தில் 3 மணிகள் இருக்கும். நான்கு பேருக்கும் சமமாகக் கொடுக்க அவை போதாது. ஆகவே ஈவு 5, மீதி 3. இடது விளிம்பில் கடைசியாக நிரம்பிய வரிசைக்கு நேரே 5 என்று எழுதியிருக்கும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, அந்த 3 மணிகளையும் ஆறாவது வரிசையில் வைத்துவிடுவது. வைத்ததும் விளிம்பில் 6 என்று தெரியும். குழந்தை 6 என்று எழுதும். திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. கையில் மணி இருக்கும்வரை வைக்கத்தான் தோன்றும். 'நாலாவது ஆளுக்கு எங்கே?' என்று கேட்டால் குழந்தையே எடுத்துவிடும். எடுத்த மணிகளைக் கிண்ணத்துக்கே திருப்பிப் போடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மீதி பலகையில் இருக்கக்கூடாது, கிண்ணத்தில் இருக்கவேண்டும். மீதி ஏன் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும் என்ற விதியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிண்ணத்தில் 4 இருந்தால் இன்னொரு சுற்று கொடுக்கலாமே!

இன்னொரு தவறு, முதல் பொம்மைக்கே கீழ்வரை ஒன்பதையும் கொடுத்துவிட்டு இரண்டாவதுக்குப் போவது. பெருக்கல் பலகையில் பழகிய குழந்தைகள் இதைச் செய்வார்கள். அங்கே நெடுவரிசையாகத்தானே நிரப்பினார்கள். இங்கே கிடைவரிசையாக நிரப்ப வேண்டும். இரண்டு பலகையையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றித் தந்தால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். இடையில் சில நாள் விடுவது நல்லது. மூன்றாவது, விடையாக மொத்தத்தையோ பொம்மைகளின் எண்ணிக்கையையோ சொல்வது. 'ஒருத்தருக்கு எத்தனை?' என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் கேட்டால் இது நின்றுவிடும்.

வகுத்தலுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதுதான் குழந்தைகளை உண்மையில் தடுக்கும் இடம். 20ஐ 4 பேருக்குப் பங்கிடு என்பது ஒன்று. 20க்குள் எத்தனை நான்கு இருக்கிறது என்பது இன்னொன்று. பலகை முதலாவதைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பாடப்புத்தகம் சொல்லாமலே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். நீள்வகுத்தலில் '23இல் நாலு எத்தனை முறை போகும்' என்று கேட்பது இரண்டாவது வகை. இந்தப் பாலத்தைப் பலகையிலேயே போடலாம். ஒரு சுற்றுக்கு எத்தனை மணி செலவாயிற்று? 4. எத்தனை சுற்று வந்தது? 5. ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு நான்கு. ஆக 23க்குள் ஐந்து நான்குகள், 3 மிச்சம். வரிசைகளை விரலால் தடவி நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று சொல்லச் சொல்லுங்கள். நான்காம் வாய்ப்பாடு அங்கேதான் கிடக்கிறது. சரிபார்ப்பதும் அதோடு வந்துவிடும்: 5 × 4 = 20, மீதி 3ஐக் கூட்டினால் 23. வாய்ப்பாட்டை ஒப்பித்து மட்டுமே பழகிய குழந்தைக்கு இந்தத் திருப்பம் தானாகக் கிடைப்பதில்லை.

சுழியத்துக்காகவே இந்தப் பலகையை வாங்கலாம். 5 பொம்மைகளை நிறுத்தி 3 மணிகளைக் கொடுங்கள். ஒரு வரிசைகூட நிரம்பாது. ஈவு 0, மீதி 3. 'வகுக்க முடியாது' என்று சொல்ல விடாதீர்கள். பலகை தெளிவாக விடை சொல்கிறது. 412 ÷ 4க்கு 13 என்று எழுதும் பிழை இங்கிருந்துதான் வருகிறது. 4 நூறுகளைப் பங்கிட்டால் தலைக்கு 1. பத்துகளின் இடத்தில் 1 தான் இருக்கிறது. நாலு பேருக்குப் போதாது என்று தாண்டி, 12ஐ வகுத்து 3 எழுதிவிடுவார்கள். போதாது என்றால் அந்த இடத்தில் 0 எழுத வேண்டும், விடை 103. மூன்று மணிகளை வைத்துக்கொண்டு ஐந்து பொம்மைகள் முன் திகைத்து நின்ற குழந்தைக்கு அந்த 0 எங்கிருந்து வந்தது என்று தெரியும். 0 ÷ 5 என்றால் பொம்மைகள் நிற்கும், கொடுக்க மணி இல்லை, தலைக்கு 0. 5 ÷ 0 என்றால் மணி இருக்கிறது, வாங்க ஆளே இல்லை. 'ஒருத்தருக்கு எத்தனை' என்ற கேள்வியே எழாது.

நாள்கணக்கில் அலுக்காத ஒரு பயிற்சி: 24 மணிகளை எடுத்துக்கொண்டு பொம்மைகளை மட்டும் மாற்றுங்கள். 3 பேர், 4 பேர், 6 பேர், 8 பேர் என்றால் மீதியின்றி முடியும். 5 பேர் என்றால் மீதி 4, 7 என்றால் 3, 9 என்றால் 6. பிறகு 17 எடுத்துப் பாருங்கள். 2 பேரிலிருந்து 9 பேர் வரை யாருக்குப் பங்கிட்டாலும் மிச்சம் இருக்கும். காரணி, பகா எண் என்ற சொற்கள் பின்னால் வரும்போது பழகிய முகமாக இருக்கும்.

எல்லை எங்கே என்றால், 24ஐ 2 பேருக்குப் பங்கிடும்போதே தெரிந்துவிடும். தலைக்கு 12, வரிசையோ 9தான். 72 ÷ 4 போன்ற கணக்குகளுக்கு இந்தப் பலகை உதவாது. அங்கே ஒன்று, பத்து, நூறு என்று தனித்தனிச் சில்லுகள் வேண்டும்: 7 பத்துகளில் தலைக்கு 1 பத்து, மிஞ்சிய 3 பத்துகளைச் சில்லறையாக்கினால் 30, கூட 2, ஆக 32, தலைக்கு 8, விடை 18. நிறம் தீட்டிய தாள் துண்டுகளே இதற்குப் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. குழியின் ஆழம்தான் முதலில். மணியில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இறங்க வேண்டும். இல்லையென்றால் மேசையை லேசாகத் தட்டினாலே உருண்டுவிடும், குழந்தையின் பொறுமையும் கூடவே உருளும். நிரப்பிய பலகையை ஒரு விரல் உயரம் சாய்த்துப் பாருங்கள். குழி மிக ஆழமாக இருந்தாலும் தொல்லை. மணியை எடுக்க நகத்தால் நெம்ப வேண்டிவரும். எண்கள் மரத்தில் பொறித்திருப்பது நல்லது, ஒட்டியது சீக்கிரம் உரியும். பொம்மைகளின் அடிப்பாகம் பட்டையில் உள்ள குழிக்குள் இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். 'இரண்டும் ஒன்றில்' என்று வரும் பலகைகளில் பொம்மைகளே இல்லாமல் இருப்பதுண்டு. பகிர்ந்து வாங்க ஆள் இல்லாத வகுத்தல் பலகை வெறும் குழிப்பலகைதான். பொத்தான்களை மேலே வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஆள்போல நிற்கும் பொம்மைக்கு மணி தராமல் விட்டால் அநியாயம் என்று குழந்தைக்குத் தோன்றும். பொத்தானுக்கு அப்படித் தோன்றாது.

மணிகள் சிறியவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொண்டையில் சிக்கும் அளவு அது. எண்ணிக்கையைச் சரிபார்க்க எண்ண வேண்டியதில்லை. கடைசியில் பலகையை முழுக்க நிரப்பச் சொல்லுங்கள். காலிக் குழி இருந்தால் அத்தனை மணி கட்டிலுக்கடியில் இருக்கிறது என்று பொருள்.

சுவரில் மாட்டும் வாய்ப்பாட்டுச் சுவரொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: விடை எழுதப்பட்டிருக்கும் இடத்தைக் கண் தேடக் கற்கும், அவ்வளவுதான். நேரம் ஓடும் செயலிகள் தெரிந்ததை வேகமாக்கும்; தெரியாததைக் கற்றுத்தராது, பதற்றத்தையும் கூட்டும். மேலே சொன்ன 15 பெருக்கல்களைத் துண்டு அட்டைகளில் எழுதி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று குலுக்கிக் கேட்பது இவை இரண்டையும்விட மேல்.

எப்போது தரலாம் என்றால், 100 வரை தடுமாறாமல் எண்ணவும், இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாகத் தாவி எண்ணவும் தெரிந்த பிறகு. ஒரு முறைக்கு 15 நிமிடம் போதும். எப்போது எடுத்து வைக்கலாம் என்பதற்கும் அடையாளம் உண்டு. 31 ÷ 6 என்று கொடுத்தால் குழந்தை பொம்மைகளை நிறுத்துவதற்கு முன்பே 'அஞ்சு, ஒண்ணு மிச்சம்' என்று சொல்லிவிட்டு, சரிபார்க்க மட்டும் மணிகளை எடுக்கும். இன்னும் சில நாளில் அதையும் எடுக்காது. அப்போது பலகையைப் பரணில் ஏற்றிவிடலாம்.